இலவச மொழிச் செயலியும் தேர்வறையின் விலையும்

திறன்பெற்ற இந்தியத் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கும் விசாக்களின் எண்ணிக்கையை 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்தப்போவதாக ஜெர்மனி 2024 அக்டோபரில் அறிவித்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் முதல், கையில் வேலை ஒப்பந்தம் இல்லாமலேயே அந்நாட்டுக்குச் சென்று வேலை தேட வழிசெய்யும் 'வாய்ப்பு அட்டை' முறை நடைமுறையில் இருக்கிறது. முதியோர் பெருகி, அவர்களைப் பராமரிக்க ஆள் குறைந்துவரும் அந்நாட்டுக்கு மிகுதியாகத் தேவைப்படுவோர் செவிலியர். கேரள அரசின் நோர்க்கா நிறுவனம், ஜெர்மன் அரசு அமைப்புகளுடன் 2021இலேயே உடன்படிக்கை செய்துகொண்டு செவிலியரை அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் தாட்கோ, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினப் பட்டதாரிகளுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சியை அறிவித்திருக்கிறது.

பிறர் உடலைத் தொட்டுத் துடைத்துப் பராமரிக்கும் பணி தீட்டுக்குரியது என்று ஆதிக்கச் சாதியினர் நெடுங்காலம் ஒதுக்கிவைத்திருந்தனர். அப்பணியைக் கற்ற பெண்களை ஓர் ஐரோப்பிய நாடு இன்று தேடி அழைக்கிறது. நம் கிராமங்களிலிருந்து முதல் தலைமுறையாகச் செவிலியர் கல்லூரிக்குச் சென்ற தலித் மாணவியருக்கு இது சாதாரணச் செய்தி அன்று. அவர்களுக்கும் அந்த மருத்துவமனைகளுக்கும் இடையில் நிற்பது மொழி. அதற்கு விடையாக வேலைவாய்ப்பு முகாம்களிலும் வழிகாட்டுக் கூட்டங்களிலும் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: "மொழி ஒரு பிரச்சினையே இல்லை, எல்லாம் செல்போனிலேயே இருக்கிறது."

அறிவுரைபோல் ஒலிக்கும் இவ்வாக்கியத்துக்குள் ஒரு நிதிக் கொள்கை ஒளிந்திருக்கிறது. எல்லாம் செல்பேசியிலேயே இருக்குமானால் பயிற்சி மையம் எதற்கு, ஆசிரியர் எதற்கு, தேர்வுக் கட்டணத்துக்கு மானியம் எதற்கு என்ற கேள்விகள் இயல்பாகப் பின்தொடரும். இவ்வளவு கிடைத்தும் ஒரு மாணவி தேறவில்லையென்றால் குற்றம் அவளுடையதாகிவிடும். பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழி வகுப்புகளைப் பற்றியும், பின்னர் நுழைவுத்தேர்வுகளுக்கான இலவசக் காணொலிப் பாடங்களைப் பற்றியும் இதே தர்க்கத்தைக் கேட்டோம். ஆகவே செல்பேசி உண்மையில் எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்கவில்லை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நமக்கு அவசியமாகிறது.

கொடுப்பதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையத் தரவின் விலை வீழ்ந்தது. அதற்கு முன் வெளிநாட்டு மொழி கற்பதென்றால் சென்னை நுங்கம்பாக்கத்துக்கோ கோயம்புத்தூருக்கோ போகவேண்டும், மாதக்கணக்கில் தங்கவேண்டும், கட்டணம் கட்டவேண்டும். இன்று ஜெர்மன் அரசு ஒலிபரப்பான டாய்ச்ச வெல்லே 'நிக்கோஸ் வேக்' என்ற தொடர்கதை வடிவிலான பாடத்தைத் தொடக்க நிலையிலிருந்து பி1 நிலைவரை ஒரு ரூபாய்கூட வாங்காமல் தருகிறது. ஜெர்மனியின் மக்கள் கல்விக்கூடங்கள் நடத்தும் கற்றல் தளம் பி2வரை இலவசம். கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் மாணவிக்கும் மியூனிக்கில் இருக்கும் அகதிக்கும் ஒரே பாடம் கிடைக்கிறது. இது சிறிய மாற்றமன்று.

ஆனால் நம் மாணவர்களின் கைக்கு முதலில் வந்துசேர்வது இந்தப் பொதுப் பாடங்கள் அல்ல. விளம்பரத்தின் வழியாக வருவது பச்சை ஆந்தை.

ஆந்தை எதுவரை பறக்கும்?

டுவோலிங்கோவைத் தொடங்கிய லூயிஸ் வான் ஆன் குவாத்தமாலாவில் பிறந்தவர். அமெரிக்காவில் படிக்க ஆங்கிலத் தேர்வு எழுதவேண்டியிருந்தபோது தம் நாட்டுத் தேர்வு மையத்தில் இடம் கிடைக்காமல், அண்டை நாடான எல் சால்வடோருக்குப் பயணம் செய்து எழுத நேர்ந்ததை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஏழை நாட்டவருக்கு ஆங்கிலம் கற்பதும் அதை நிரூபிப்பதும் எவ்வளவு செலவு பிடிப்பவை என்ற அனுபவம் அந்த நிறுவனத்தின் தோற்றக் கதையிலேயே இருக்கிறது. 2012இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த அச்செயலி இன்று உலகின் மிகப்பெரிய மொழிச் செயலிகளுள் ஒன்று.

2025 ஏப்ரலில் அந்நிறுவனம் ஒரே நாளில் 148 புதிய பாடத்திட்டங்களை அறிவித்தது. முதல் நூறு பாடத்திட்டங்களை உருவாக்க ஏறத்தாழ 12 ஆண்டுகள் பிடித்ததாகவும், இந்த 148ஐ ஆக்கச் செயற்கை நுண்ணறிவின் உதவியால் ஓராண்டே போதுமானதாக இருந்ததாகவும் சொன்னது. நம்மவர் ஆங்கிலம் வழியாக மட்டுமே ஜெர்மனும் ஜப்பானிய மொழியும் கற்கமுடியும் என்ற நிலை இதனால் மாறியது. இந்திய மொழிகள் சிலவற்றின் வழியாகவும் இனிக் கற்கலாம். அதே மாதத்தில், செயற்கை நுண்ணறிவால் செய்யக்கூடிய வேலைகளுக்கு ஒப்பந்தப் பணியாளர்களைப் பயன்படுத்துவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாகவும் அந்நிறுவனத் தலைமை அறிவித்தது. மொழி தெரிந்தவரின் உழைப்பு மலிவாகும்போதுதான் மொழிப்பாடம் மலிவாகிறது என்பதைப் போகிறபோக்கில் குறித்துக்கொள்வோம்.

நமக்கு வேண்டிய செய்தி அந்த அறிவிப்பின் உள்ளே இருந்தது. புதிய பாடத்திட்டங்கள் பெரும்பாலும் ஏ1, ஏ2 என்ற தொடக்க நிலைகளுக்கானவை. ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஆறு படிகள்: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. ஜெர்மனியில் முழு அங்கீகாரம் பெற்ற செவிலியராகப் பணியாற்றப் பொதுவாகக் கேட்கப்படுவது நான்காம் படியான பி2. அதாவது அப்புதிய பாடத்திட்டங்கள் பெரும்பாலும் முதலிரண்டு படிகளில் விட்டுச்சென்றன. வேலை நான்காவதில் இருக்கிறது. இடைப்பட்ட இரண்டு படிகளும் ஏறுவதற்கு மிகக் கடினமானவை. "எனக்குப் பசிக்கிறது" என்று சொல்வதற்கும், வலியால் குழறும் 85 வயது முதியவர் சொல்வதைப் புரிந்துகொண்டு இரவுப்பணி மருத்துவரிடம் பிழையின்றி எடுத்துரைப்பதற்கும் உள்ள தூரம் அது.

அந்தத் தூரத்தை மணிக்கணக்கில் அளக்கவும் முடியும். பி2 நிலையை எட்ட 45 நிமிடப் பாடவேளைகள் 600 முதல் 800 வரை தேவைப்படும் என்று கோத்தே நிறுவனம் மதிப்பிடுகிறது. குறைந்த அளவை எடுத்துக்கொண்டாலும் 450 மணி நேரம். செயலி ஊக்குவிக்கும்படி நாள்தோறும் 15 நிமிடம் ஒருநாள் தவறாமல் பயின்றால் 1,800 நாட்கள், ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். அதே 450 மணி நேரத்தை நாளுக்கு ஐந்து மணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஒதுக்கினால் 18 வாரங்களில் முடித்துவிடலாம். வீட்டுப்பாடம், மீள்பயிற்சி எல்லாம் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் ஒன்பது மாதங்களுக்குள் அடங்கும். வேறுபாடு மூளையில் இல்லை. ஒன்பது மாதங்கள் சம்பாதிக்காமல் படிக்கும் வசதி யாருக்கு இருக்கிறது என்பதில் இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் மாறிமாறி வரும் பணிமுறையில் உழைத்து, கல்விக் கடனின் தவணையையும் தங்கையின் கட்டணத்தையும் செலுத்தும் ஒரு செவிலியரிடம் மீதமிருப்பது அந்த 15 நிமிடம்தான். இலவசச் செயலி அவளுடைய 15 நிமிடத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டதுபோல் தோன்றுவது தற்செயலன்று.

அந்தச் செயலியில் தவறு செய்வதற்கும் நெடுங்காலம் விலை இருந்தது. இலவசப் பயனர் பிழை செய்யும்போதெல்லாம் ஓர் 'இதயம்' குறையும்; ஐந்தும் தீர்ந்தால் காத்திருக்கவேண்டும் அல்லது பணம் கட்டவேண்டும். மொழி கற்பதென்பது ஆயிரம் பிழை செய்வதுதான். பள்ளியில் தமிழ்ப் பேச்சுக்கே ஏளனப்பட்டவர்களுக்கு, பிழைக்குத் தண்டனை விதிக்கும் இன்னொரு ஆசிரியர் தேவையில்லை. பணம் கட்டியவருக்கு மட்டும் பிழைசெய்யும் உரிமை வரம்பற்றது என்ற ஏற்பாட்டில் நமக்குப் பழகிய ஏதோ ஒன்று இருக்கிறது.

தனி அறை என்னும் நிபந்தனை

கற்றதை நிரூபிக்கும் இடத்தில்தான் வேறுபாடு கூர்மையடைகிறது. ஜெர்மன் தேர்வை வீட்டிலிருந்து எழுதமுடியாது. அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்குப் போகவேண்டும். பி2 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 60 விழுக்காடு வேண்டும். ஒரு பகுதியில் தவறினால் அதை மட்டும் மீண்டும் எழுதலாம் என்பது ஆறுதல். ஆனால் ஒவ்வொரு முயற்சிக்கும் கட்டணம் உண்டு, பயணம் உண்டு, விடுப்பு உண்டு. தமிழ்நாட்டின் மையங்களோ பெருநகரங்களில் உள்ளன.

ஆங்கிலத் தேர்வுகளில் இத்தடையை உடைத்துவிட்டதாக இணையத் தேர்வு நிறுவனங்கள் சொல்கின்றன. டுவோலிங்கோவின் ஆங்கிலத் தேர்வு, ஐஈஎல்டிஎஸ் கட்டணத்தில் பாதிக்கும் குறைவு, வீட்டிலிருந்தே எழுதலாம், இரண்டு நாட்களில் முடிவு வரும். 2020இல் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது பல்கலைக்கழகங்கள் பலவும் இதை ஏற்கத் தொடங்கின. வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் தலித் மாணவர்கள் சிலருக்கு இது உண்மையாகவே உதவியிருக்கும்.

அதன் விதிகளைப் படித்துப் பாருங்கள். செல்பேசியில் எழுதமுடியாது, கணினி வேண்டும். கேமரா வேண்டும். இடையில் அறுபடாத இணையம் வேண்டும். அறையில் தேர்வர் தனியாக இருக்கவேண்டும். வெளிச்சம் வேண்டும். வேறொருவர் குரல் கேட்கக்கூடாது. காதை மறைக்கக்கூடாது. திரையைவிட்டுக் கண் விலகினால் தேர்வு செல்லாமல் போகலாம்.

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் ஊரகக் குடும்பத்துக்கு வரையறுக்கப்பட்ட குறைந்தபட்ச வீட்டின் பரப்பு, சமையலுக்கான இடத்தையும் சேர்த்து, 25 சதுர மீட்டர். பழைய தொகுப்பு வீடுகள் பல இதைவிடச் சிறியவை. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்கிவைக்கப்பட்ட குடியிருப்புகளில் ஒரு கூடமே படுக்கையறை, படிப்பறை, விருந்தினர் அறை எல்லாம். அண்டை வீட்டுத் தொலைக்காட்சி சுவரைத் தாண்டி வரும். அங்கே ஒரு மணி நேரம் எவர் குரலும் கேட்காத தனியறை என்பது கட்டணத்தைவிட அரிய பொருள். வீட்டிலிருந்தே எழுதலாம் என்று வடிவமைத்தவரின் மனத்தில் இருந்த வீடு எத்தகையது என்பதை இவ்விதிகளே காட்டிக்கொடுக்கின்றன. முன்பு தேர்வு மையம் வாடகைக்கு எடுத்துத் தந்த அறையை இப்போது தேர்வரே கொண்டுவரவேண்டும். குறைந்த கட்டணத்தின் மறுபக்கம் இதுதான்.

வசதி படைத்த சாதிக் குடும்பத்து இளைஞருக்கு இச்சான்றிதழ் ஒரு சடங்கு. அவருடைய ஆங்கிலத்தை அவரது பள்ளியின் பெயரும் உச்சரிப்பும் ஏற்கனவே உறுதிசெய்துவிட்டன. ஜெர்மனியில் அவருக்கு ஒரு சித்தப்பாவோ கல்லூரி முன்னவரோ இருப்பார். தலித் மாணவிக்குத் தன் அறிவை மெய்ப்பிக்கத் தாளைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதனால்தான் பாடத்தின் விலை குறைந்ததைக் காட்டிச் சான்றிதழின் விலையை மறைப்பது நம்மைக் கூடுதலாகப் பாதிக்கிறது.

இவ்விடத்தில் பாபாசாகேபின் மொழிக் கல்வியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் பயில விரும்பிய அவருக்கு அது மறுக்கப்பட்டது. பாரசீகம் படிக்க நேர்ந்தது. பிற்காலத்தில் சமஸ்கிருதத்தைத் தாமே கற்றார். 1920களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் படிக்கப் பதிவு செய்தபோது ஜெர்மனும் அறிந்திருந்தார். தடுக்கப்பட்ட மொழியைத் தாமாகவே கற்கமுடியும் என்பதற்கு இதைச் சான்றாகச் சொல்லி 'செல்போனிலேயே இருக்கிறது' என்போரின் வாதத்துக்கு வலுசேர்ப்பவர்கள் உண்டு. பரோடா அரசின் உதவித்தொகையும் கொலம்பியா, லண்டன் நூலகங்களின் திறந்த கதவுகளும் இல்லாமல் அந்தத் தனி முயற்சிக்கு நிற்க இடம் இருந்திருக்காது என்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

யாருடைய செல்பேசி, யாருடைய குரல்

'செல்பேசியிலேயே இருக்கிறது' என்று சொல்லும்போது அச்செல்பேசி யாருடையது என்பதையும் கேட்கவேண்டும். 14 முதல் 18 வயதுவரையுள்ள ஊரக இளையோரைப் பற்றிய ஏசர் 2023 ஆய்வில், திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்த ஆண்களில் 43.7 விழுக்காட்டினர் சொந்தமாக ஒன்றை வைத்திருந்தனர், பெண்களில் 19.8 விழுக்காட்டினர் மட்டுமே. வீட்டில் செல்பேசி இருப்பதும் ஒரு பெண்ணின் கையில் அது இருப்பதும் வேறுவேறு. அப்பாவின், அண்ணனின் செல்பேசியில் இரவு ஒன்பது மணிக்குமேல் கிடைக்கும் அரைமணி நேரத்தில் அயல்மொழி பேசிப் பழகுவதெப்படி? அதுவும் சத்தமாக? முன்பின் அறியாத ஒருவருடன் உரையாடிப் பழகச் சொல்லும் செயலிகள் பல உள்ளன. பெண் செல்பேசியில் யாருடன் பேசுகிறாள் என்பதைச் சாதிக் காவலர்கள் கண்காணிக்கும் ஊர்களில், சொந்த வீட்டிலேயே அதை விளக்கிச் சொல்வது எளிதன்று.

குரலைப் பற்றியும் ஒரு சொல். உச்சரிப்பைத் திருத்தும் பணியைச் செயலிகள் இப்போது பேச்சுணரும் மென்பொருளிடம் விட்டிருக்கின்றன. அமெரிக்காவில் அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சுணரிகளைச் சோதித்த ஆய்வு 2020இல் வெளியானது. வெள்ளையர் பேச்சில் நூற்றுக்கு 19 சொற்களில் பிழைசெய்த அந்த மென்பொருள்கள், கறுப்பினத்தவர் பேச்சில் 35 சொற்களில் பிழைசெய்தன. தாய்மொழியாக ஆங்கிலம் பேசும் கறுப்பினத்தவருக்கே இந்நிலை. எந்தக் குரல்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டதோ அந்தக் குரல்களையே எந்திரம் 'சரி' என்கிறது. திரையில் சிவப்புக் குறி தோன்றும்போது, தவறு தன் நாவிலா எந்திரத்தின் காதிலா என்று ஐயுறும் துணிவு தனியாகக் கற்பவருக்கு வருவதில்லை. அருகில் ஓர் ஆசிரியர் இருந்தால் "நீ சொன்னது சரிதான்மா, அடுத்ததுக்குப் போ" என்று சொல்லியிருப்பார்.

இத்தனைக்கும் மலிவான தொழில்நுட்பத்தைக் கொண்டு ஏழைகளுக்கு மொழி கற்பித்த முன்மாதிரிகள் இல்லாமலில்லை. வங்கதேசத்தில் 2009இல் தொடங்கிய 'பிபிசி ஜனாலா' திட்டத்துக்குத் திறன்பேசியே தேவைப்படவில்லை. சாதாரணப் பொத்தான் செல்பேசியில் 3000 என்ற எண்ணை அழைத்தால் மூன்று நிமிட ஆங்கிலப் பாடம் ஒலிக்கும். பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி நிதி அதற்குப் பின்னால் இருந்தது. அந்நாட்டின் செல்பேசி நிறுவனங்கள் அந்த எண்ணுக்கான அழைப்புக் கட்டணத்தைப் பெருமளவு குறைத்தன. தொலைக்காட்சியிலும் நாளிதழிலும் அதே பாடங்கள் வந்தன. பி2 அளவுக்கு அது யாரையும் கொண்டுசெல்லவில்லை. அது அதன் நோக்கமுமன்று. அங்கே கட்டணம் குறைந்தது பொதுநிதியாலும் பேச்சுவார்த்தையாலும் என்பதே கவனிக்கத்தக்கது. இங்கோ 2024 ஜூலையில் செல்பேசி நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கட்டணங்களை உயர்த்தின. கல்வித் தளங்களுக்கு விலக்கு என்ற பேச்சுகூட எழவில்லை.

விடுதியில் தொடங்கலாம்

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விடுதிகள் இருக்கின்றன. அரசு நடத்தும் பல்வேறு நலத்துறை விடுதிகளுக்கும் 2025 ஜூலையில் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாறியது நல்லதே. விடுதிக்கு ஓர் அறை, அதில் நான்கைந்து கணினிகள், கதவைச் சாத்தினால் ஓசை வராத ஒரு மூலை, அறுபடாத இணையம் ஆகியவை சேர்ந்தால் இணையவழித் தேர்வுக்கான நிபந்தனை நிறைவேறிவிடும். வார இறுதியில் சுற்றுவட்டாரத்து மாணவர்கள் முன்பதிவு செய்து பயன்படுத்தலாம். இதற்கெனப் புதிய கட்டடம் வேண்டியதில்லை.

கற்பித்தலிலும் தனித்தனிச் செல்பேசி என்ற வடிவத்தை நாம் அப்படியே ஏற்கத் தேவையில்லை. ஆல்காட் 1894இல் அடையாற்றில் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளி முதல் இன்று பல ஊர்களில் இளைஞர்கள் நடத்தும் அம்பேத்கர் இரவுப் பாடசாலைவரை, நமக்குக் கல்வி கூட்டாகவே வந்திருக்கிறது. பத்துப் பேர் கூடி, ஒரே ஒரு திரையில் 'நிக்கோஸ் வேக்' காட்சியை ஓடவிட்டு, நிறுத்தி, ஆளுக்கொரு பாத்திரமாக உரத்துப் பேசிப் பார்க்கலாம். காணொலியை ஒருவர் பதிவிறக்கிவைத்தால் மற்றவருக்குத் தரவுச் செலவில்லை. வாட்ஸ்ஆப் குழுவில் தட்டச்சுக்குப் பதிலாகக் குரல்பதிவு மட்டும் என்று விதி வைத்துக்கொள்ளலாம். ஏற்கனவே ஜெர்மனியில் பணிபுரியும் நம் பெண்கள் மாதம் இருமுறை காணொலி அழைப்பில் வந்து மருத்துவமனைச் சொற்களைப் பழக்கலாம். இவை ஏ2வரை, முயன்றால் பி1வரை கொண்டுசெல்லும். அதற்குமேல் பயிற்சிபெற்ற ஆசிரியரும் முழுநேரப் படிப்பும் வேண்டும். அதைச் சமூகத்தின் தன்னார்வத் தோளில் ஏற்றிவிட்டு அரசு விலகிக்கொள்ள நாம் இடங்கொடுக்கக் கூடாது.

முழுநேரப் படிப்புக்கான பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் 2024இல் நிறைவேறியது. இம்மக்களுக்கென ஒதுக்கும் நிதியைத் திட்டமிட்டு, அவர்களுக்கே நேரடியாகப் பயன்படும்படி செலவிட அச்சட்டம் அரசைக் கட்டுப்படுத்துகிறது. ஒன்பது மாத உறைவிடப் பயிற்சி, அக்காலத்துக்கு மாத உதவித்தொகை, நான்கு பகுதிகளுக்கும் இரண்டு முயற்சிவரை தேர்வுக் கட்டணம், சான்றிதழ்களை மொழிபெயர்த்து அங்கீகாரம் பெறும் செலவு ஆகியவற்றை ஒரே திட்டமாக இதன்கீழ் கொண்டுவர முடியும். கட்டணப் பாக்கிக்காகக் கல்லூரிகள் மூலச் சான்றிதழைப் பிடித்துவைக்கும் வழக்கத்தை ஒழிக்காமல் இதில் எதுவும் நடக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். உதவித்தொகை தாமதமாவதன் சுமையைக் கல்லூரி மாணவியின் மீது இறக்குகிறது. தாள் கையில் இல்லாமல் அவள் ஜெர்மன் படித்து என்ன பயன்?

அரசு விலகியிருக்கும் இடைவெளியில் தனியார் முகவர்கள் நுழைந்துவிட்டார்கள். மொழிப் பயிற்சி, விசா, வேலை எல்லாம் சேர்த்து லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவுபெற்ற முகவர் வேலை தேடுவோரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம், வரி நீங்கலாக, 30,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்பது இந்திய அரசின் விதி. ஜெர்மனியோ செவிலியரை நேர்மையாகப் பணியமர்த்தும் நிறுவனங்களுக்கென ஒரு தரமுத்திரை வைத்திருக்கிறது. அதைப் பெற்ற நிறுவனம் செவிலியரிடம் கட்டணமே வாங்கக்கூடாது, செலவை வேலையளிப்பவர் ஏற்கவேண்டும். வீட்டை அடகுவைக்கும் முன் இவ்விரண்டு செய்திகளும் ஒவ்வொரு செவிலியர் கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் இருக்கவேண்டும். இவற்றைத் துண்டறிக்கையாக்க ஒரு மாணவர் அமைப்புக்கு ஒரு நாள் வேலை போதும்.

தாட்கோவின் ஜெர்மன் பயிற்சிக்கு வருவோம். அத்திட்டத்தைக் குறை சொல்லும் முன் கணக்கைக் கேட்போம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டவாரியாகக் கேட்கத்தக்க கேள்விகள் சில: எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேர் சேர்க்கப்பட்டனர், அவர்களுள் பெண்கள் எத்தனை பேர், இடையில் நின்றவர்கள் எந்தக் கட்டத்தில், என்ன காரணத்தால் நின்றனர், பயிற்சியளிக்கும் நிறுவனத்துக்கு ஒரு மாணவருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, அத்தொகை பயிற்சியில் சேர்ந்தவுடன் கொடுக்கப்பட்டதா தேர்ச்சிக்குப் பிறகா, தேர்வுக் கட்டணத்தை யார் செலுத்தினார், பி1 எட்டியவர் எத்தனை பேர், பி2 எட்டியவர் எத்தனை பேர், பணி ஆணை பெற்று விமானம் ஏறியவர் எத்தனை பேர். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் செய்திக்குறிப்பில் போடுவது அலுவலகங்களின் வழக்கம். நமக்கு வேண்டியவை நடுவில் உள்ள எண்கள். அடுத்த ஆண்டு நிதிநிலை அறிக்கைக்கான துறைக் கோரிக்கைகள் தயாராகும் முன் அவை கைக்கு வந்தால், விடுதி அறைக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் எவ்வளவு கேட்பது என்று ரூபாய்க் கணக்கிலேயே கேட்கலாம்.